டீயோடு விழுங்கிய மாத்திரை

திருவிடந்தையில் ஈசிஆர் ஓரமாக எனக்கு ஒரு டீக்கடை இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே பாய்லருக்கு முன்னால்தான் நிற்கிறேன். என்னைப் போலக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது. வருகிறவர்கள் சர்க்கரை கம்மி என்பார்கள், ஸ்ட்ராங்கா ஒன்று என்பார்கள். தலையை ஆட்டினால் போதும். மீதிப் பேச்சையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே பேசிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்ள வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கழுத்தில் மாலையோடு வந்து டீ கேட்கும்போதுகூட, எந்த ஊர் என்று நானாகக் கேட்டதில்லை.

போன வருஷம் நான் வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு நாள் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் மகளைக் கருங்குழியில் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்கு அங்கே ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை இங்கே அழைத்து வந்தோம். வந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள் என் மனைவி. பெண்கள் கூட்டமாக இருக்கும் இடம் என்பதால் நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் சரியில்லை.

"ரத்தம் கம்மியா கீதாம். ஒம்பதுகூட இல்லியாம். பதினொண்ணு இருக்கணுமாம்" என்றாள் மனைவி.

பிரசவத்தின்போது ரத்தம் கொஞ்சம் போகத்தான் செய்யும். உடம்பில் இருப்பதே குறைவாக இருந்தால் அதைத் தாங்காது என்று அங்கிருந்த சிஸ்டர் சொல்லியிருக்கிறார். குறைந்தது பத்து இருந்தால்தான் இங்கேயே பிரசவம் பார்க்கமுடியும். ஏறவில்லையென்றால் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவோம், அங்கே ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். தினமும் போட இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை எல்லாம் அட்டை அட்டையாகக் கொடுத்திருந்தார்கள்.

என் மகளுக்கு ரத்தப் பையைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதுவும் வீட்டை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் படுத்திருக்க வேண்டும் என்று நினைத்து அன்று மத்தியானமே அழுதாள். எனக்கு அந்த அழுகையைவிட, "தாங்காது" என்று சிஸ்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் உள்ளே உட்கார்ந்துகொண்டது. டீ ஆற்றும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும்.

கடையில் என் மனைவி ஒருவரிடம் சொன்னால் போதும், பெஞ்சு முழுக்கத் தெரிந்த மாதிரி. தினமும் வருகிறவர்களில் இரண்டு பேருக்கு வாய் அதிகம். ஒருவர் கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இன்னொருவர் அன்னக்கூடையில் மீன் எடுத்துவந்து விற்கிற அக்கா. இரண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பதற்கென்றே டீ குடிப்பார்கள்.

"அண்ணாத்த, பீட்ரூட்டு குடு, மாதுளை குடு. செவப்பா இருக்கிறதெல்லாம் அப்படியே ரத்தமா மாறும்" என்றார் ஆட்டோக்காரர்.

"செங்கல்லுகூட செவப்பாத்தான் கீது. அரைச்சுக் குடுக்கச் சொல்லுவியா?" என்றார் மீன்கார அக்கா. "தம்பி, இவன் பேச்சைக் கேக்காத. நெத்திலி வாங்கிக் குழம்பு வையி. ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வறுத்துப் போடு."

"மீனு குடுத்தா அன்னிக்குத் தயிர் குடுக்காத அண்ணாத்த. வெள்ளை வெள்ளையாப் படை வந்துடும்."

"எங்க வூட்ல மீன் கொழம்புச் சோறு தின்னுட்டு மோரு ஊத்திக்கினுதான் எழுந்திருப்போம். எனக்கு எங்கடா வெள்ளை வந்துச்சு? மேல இருக்கிறது பூரா மீன் செதிலு."

ஆட்டோக்காரர் விடவில்லை. பப்பாளி வாசல்படியே ஏறக்கூடாது, ராத்திரியில் கீரை ஆகாது, முட்டை சூடு, பேரீச்சம்பழம் பத்து தின்றால் ஒரு பாட்டில் ரத்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உள்ளே வந்து என் மனைவியிடம் சொன்னபோது அவளும் தன் போனில் வந்த வீடியோவில் பீட்ரூட்டைப் பற்றி அதையேதான் சொன்னார்கள் என்றாள்.

அதோடு எங்கள் வீட்டுக்கு பீட்ரூட் காலம் வந்தது. காலையில் பீட்ரூட் ஜூஸ், மத்தியானம் பொரியல், சாயங்காலம் அல்வா. சட்னிகூடச் சிவப்பாக இருந்தது. மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "ம்மா, சோத்தையாவது வெள்ளையா விடுங்க" என்றாள். ஆனாலும் சாப்பிட்டாள். சிவப்பைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கும் ஒரு தெம்பு. உள்ளே போனது ரத்தமாகத்தான் ஆகும் என்று கண்ணே நம்பச் சொன்னது.

மாத்திரை விஷயம் மட்டும் என் பொறுப்பு. இரும்பு மாத்திரை நாக்கில் பட்டாலே துரு வாடை அடிக்கிறது, குமட்டுகிறது என்று மகள் முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும் என்று சிஸ்டரும் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. டீக்கடையில் நிற்கிறவனுக்கு மாத்திரை என்றால் டீதான். தலைவலி என்று வருகிறவர்கள், டிரைவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரும் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவார்கள். சூடாக ஒரு வாய் டீ, மாத்திரை, மறுபடி ஒரு வாய் டீ. தண்ணீரில் மாத்திரை போடுகிறவரை என் கடையில் பார்த்தது அபூர்வம்.

அதனால் காலையில் முதல் பாலில், இஞ்சி தட்டிப் போட்டு, புது டிகாஷனில் நல்ல ஸ்ட்ராங்காக ஒரு டீ. அதோடு ஒரு இரும்பு மாத்திரை. சாயங்காலம் இன்னொரு டீ, இன்னொரு மாத்திரை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் கையோடு அப்போதே கொடுத்துவிடுவேன், மறக்காமல் இருக்கட்டும் என்று. மகள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "ப்பா, உன் டீயில அந்த வாடையே தெரியல" என்பாள். யாருக்கு டீ போட்டும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

இடையில் ஒரு பயமும் வந்தது. மகளுக்கு மலம் கறுப்பாகப் போகிறது என்று மனைவி என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். யாரிடம் கேட்பது? இதைப் பெஞ்சில் சொல்லமுடியாது. சிஸ்டரின் போன் நம்பர் மனைவியிடம் இருந்தது. ஆனால் என்னால் பேசமுடியாது, அவளுக்கும் வெட்கம். கடைசியில் நிறுத்தாமலே விட்டோம். அது ஒன்றுதான் அந்த மாதத்தில் நாங்கள் சரியாகச் செய்தது.

மறுபடி ரத்தம் பார்க்கிற நாளில், ஆட்டோவில் ஏறும்போதே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் உள்ள வாப்பா" என்றாள். போனேன். சுவரோரம் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். சுற்றி எல்லாம் பெண்கள். காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சிஸ்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவளிடம் சாதாரணமாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"டீ, காபி கூட போட்டுடாதம்மா. டீயில இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. மாத்திரையைப் பாதிக்குப் பாதி வீணாக்கின மாதிரி. ரெண்டு மணி நேரம் இடைவெளி விடு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. முதலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் சொல்வது வேறு ஏதோ கடை டீயாக இருக்கும், நம்முடையது பால் டீ, இஞ்சி போட்ட டீ என்று நினைத்தேன். நினைக்கும்போதே அது உளறல் என்று தெரிந்தது. துவர்ப்பு இல்லாமல் டீ ஏது? நாளெல்லாம் அந்தத் துவர்ப்பைத்தானே இறக்குகிறேன். மகளுக்கென்று இரண்டு ஸ்பூன் தூள் கூடவே போட்டேனே.

அதற்குள் மகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். விரலில் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். எட்டு புள்ளி ஆறு. போன தடவையைவிடக் குறைவு.

சிஸ்டர் பரிசோதனை அட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. மாத்திரையை சாப்பிடுறியா, தூக்கிப் போடுறியா?"

"சாப்பிடுறேன் சிஸ்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கட்டிலுக்கு அடியில பார்த்தா மாத்திரையா கிடக்கும். ரெண்டு வேளை மாத்திரை போட்டா ரத்தம் ஏன் இறங்குது? இது உன் உசிரு விஷயம்மா. விளையாட்டு இல்ல."

மகளின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மனைவி, "போடுறா சிஸ்டர், சத்தியமாப் போடுறா, பீட்ரூட்டு வேற தினம் தர்றேன்" என்றாள். சிஸ்டர் அதைக் காதில் வாங்காமல் செங்கல்பட்டுக்கு எழுதுகிற சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்ததே பெரிய சத்தமாக எனக்குக் கேட்டது. அங்கே இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர்" என்றேன். "அவ பொய் சொல்லல. நான்தான் கையில குடுக்கிறேன். நான் டீக்கடை வெச்சிருக்கேன். டீயோடதான் குடுத்தேன். ரெண்டு வேளையும்."

சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "டீயோடவா?"

"ஸ்ட்ராங் டீ" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. "கூடவே அந்த சுண்ணாம்பு மாத்திரையும்."

பக்கத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை மூடினார்.

"முதல் தடவையே சொல்லியிருப்பேனே?"

"வெறும் வயித்துல போடாதன்னு சொன்னீங்க" என்றாள் மனைவி. "அதான் வயித்துக்கு டீ குடுத்தோம்."

சிஸ்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு மகளின் தோளைத் தட்டி, "அழாத, உன் மேல தப்பில்ல" என்றார். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். இரண்டு வாரம் அவகாசம். அதற்குள் ஏறினால் பார்க்கலாம், இல்லையென்றால் அன்றே செங்கல்பட்டு. நடுவில் மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்றார்.

நான் ஒரு தடவை வாயைத் திறந்ததும் என் மனைவிக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒரு மாதமாகப் பெஞ்சில் கேட்டதையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாள். வரிசையில் இருந்த பெண்களும் நெருங்கி வந்து நின்று கேட்டார்கள்.

கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயமில்லை என்றார் சிஸ்டர். பீட்ரூட்டு நல்ல காய்தான், ஆனால் அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் நிறம், அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். மாதுளையும் அப்படியே. பேரீச்சம்பழம் சாப்பிடலாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது. ராத்திரியில் கீரை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. முட்டையில் சூடு என்று ஒன்றும் இல்லை, நன்றாக வேகவைத்துத் தினம் ஒன்று சாப்பிடலாம். மீனும் தயிரும் சேர்ந்து யாருக்கும் வெள்ளைப் படை வந்ததில்லை; அது வேறு காரணத்தால் வருவது. பப்பாளிக் காய் வேண்டாம், அதில் பால் இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழம் ஒரு துண்டு தின்றால் பயப்படத் தேவையில்லை.

"சுவரொட்டி?" என்று நான் கேட்டேன். அன்று நான் பேசிய இரண்டாவது பேச்சு.

"அது உண்மைதான்" என்றார் சிஸ்டர். "ஆட்டு மண்ணீரல். அதுல இரும்புச்சத்து நிறைய இருக்கு, உடம்புல சீக்கிரம் சேரும். நல்லா வேகவெச்சு வாரத்துக்கு ஒரு நாள் குடுங்க. எல்லாம் பொய்யும் இல்ல, எல்லாம் உண்மையும் இல்ல. கேட்டுட்டுச் செய்யுங்க."

ஆட்டோவில் திரும்பும்போது மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மாதமாக என் கையாலேயே அவளுக்குக் கெடுதல் செய்திருக்கிறேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முழங்கையில் இடித்து, "ப்பா, ஸ்ட்ராங் டீன்னு வேற சொல்றே" என்றாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

மறுநாளிலிருந்து முறை மாறியது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு மாத்திரை. புளிப்பு இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகச் சுண்ணாம்பு மாத்திரை; சேர்த்துப் போட்டால் அதுவும் இரும்புச்சத்தைச் சேரவிடாதாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டாவது இரும்பு மாத்திரை. வாடைக்கு ஒரு கொய்யாத் துண்டைக் கடித்துக்கொள்வாள். டீ நாலு மணிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் லைட்டாக. அதற்கு முன்னாலும் பின்னாலும் கேட்டால் நான் பாய்லர் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். "டீக்கடைக்காரன் பொண்ணுக்கு டீ இல்ல" என்று வாசலில் வந்து புலம்புவாள்.

விஷயம் பெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரர் என்னைச் சும்மா விடுவாரா?

"இன்னா அண்ணாத்த, நீயே உன் டீ ஆகாதுன்னு சொல்றியாமே? கடையை மூடிட்டுக் கொய்யாப்பழம் விக்கப் போறியா?"

"மாத்திரையோட வேணாம்னுதான் சொன்னாங்க" என்றேன். "தனியா குடிச்சா ஒண்ணுமில்ல."

"நீ பேசாத. செங்கல்லை அரைச்சுக் குடுன்னு சொன்ன ஆளு நீ" என்று ஆட்டோக்காரரை அடக்கினார் மீன்கார அக்கா.

"யக்கா, அது நீ சொன்னது."

"யாரு சொன்னா இன்னா? சுவரொட்டி சொன்னது யாரு? அதைக் கேளு" என்று அவர் என்னைப் பார்த்தார். சிஸ்டர் அதைச் சரி என்று சொன்னதை நான் சொன்னதும், அன்று பூராவும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நெத்திலி ஒரு கை கூடவே அள்ளிப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். ஒன்பது புள்ளி இரண்டு. அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம். சிஸ்டர், "ஏறுதே, அது போதும். இன்னும் ரெண்டு வாரம்" என்றார். அந்த இரண்டு வாரமும் நான் கடையில் சரியாக இல்லை. ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல் கொடுத்தேன், இன்னொருவருக்கு இரண்டு தடவை போட்டேன். மகளின் கண்ணின் கீழ் இமையைத் தினமும் இழுத்துப் பார்ப்பேன், வெளுப்பு குறைந்திருக்கிறதா என்று. "ப்பா, கண்ணு பிஞ்சிடும்" என்பாள்.

அடுத்த தடவை நான் வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்தேன். விரலில் குத்தினார்கள். மிஷினில் எண் வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து புள்ளி ஒன்று. சிஸ்டர் மகளின் அட்டையை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கண் கலங்கியதில் எனக்கு அந்த எண் உடனே சரியாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அங்கேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ரத்தம் அதிகம் போகவில்லை, ஏற்ற வேண்டியும் வரவில்லை. மருமகன் ஷிப்ட் முடித்த கையோடு கருங்குழியிலிருந்து வந்தார். கூட அவருடைய பெரியம்மாவும் வந்தார். துணியை விலக்கிக் குழந்தையை நன்றாகப் பார்த்தார்.

"புள்ள கொஞ்சம் கறுப்பா கீதே. இரும்பு மாத்திரை நெறைய முழுங்குச்சா? அதான்" என்றார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"மாத்திரைக்கும் நெறத்துக்கும் சம்பந்தம் இல்லம்மா. எங்க வூட்ல எல்லாரும் இந்த நெறந்தான்." என் கையைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

பெரியம்மா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, அப்படியே கீது" என்று சிரித்துவிட்டுக் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்தார். மகளின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். நல்லா இருக்கு, இப்படியே இருந்தா நாளன்னைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆட்டோக்காரரிடம் சொல்லிவைக்கலாம் என்று நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.